போனில் இரைந்து பேசினால் பண்பில்லாதவர் என்று முடிவு கட்டிவிடலாமா?

தறிமகன் (குமாரபாளையம்):

பஸ்ஸிலும் ரயிலிலும் போனை ஸ்பீக்கரில் போட்டு இரைந்து பேசுகிறவர்களைக் "காட்டான்", "நாகரிகம் தெரியாத ஜென்மம்" என்று எழுதுவது இப்போது ரொம்பச் சாதாரணமாகிவிட்டது. தெரியாமல் வீடியோ எடுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வீடியோக்களில் வருகிற மாதிரி ஆள்தான் என் அப்பா. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அப்பா மீசை முளைக்கும் முன்பே தறிக்குப் போனவர். நாடா (குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற கட்டை) தறி ஓடுகிற பட்டறைக்குள் போய் நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு தறி இல்லை, பத்துப் பதினைந்து தறி, தகரக் கூரைக்குக் கீழே. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடுகிற சத்தம் நெஞ்சுக்குள் இறங்கும். தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்ச வரம்பு. நாடா தறிப் பட்டறைகளில் பெரும்பாலும் சத்தம் அதைத் தாண்டித்தான் இருக்கும். வேலையும் 8 மணி நேரத்தோடு நிற்பதில்லை, 12 மணி நேர ஷிப்ட் என்பதுதான் வழக்கம். உள்ளே ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் காதோரம் வாயை வைத்துக் கத்த வேண்டும், இல்லையென்றால் கை ஜாடை. நூல் அறுந்தால் ஒரு ஜாடை, பாவு (நீளவாட்டு நூல்) தீர்ந்தால் ஒரு ஜாடை, டீ வந்தால் ஒரு ஜாடை. வாழ்நாளில் பாதிக்கு மேல் இப்படியே போயிருக்கிறது.

இந்தச் சத்தத்திலேயே பழகியதால் எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோரும் இரைந்துதான் பேசுவார்கள். கல்யாண வீட்டுக்கு வெளியூர்க்காரர் வந்தால், பந்தியில் ஏதோ தகராறு என்றுதான் நினைப்பார். எல்லோரும் சந்தோஷமாகத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு முறை அப்பாவைக் கூட்டிக்கொண்டு சென்னையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ரயிலில் போனேன். அம்மா மாத்திரை சாப்பிட்டாளா என்று கேட்கப் போன் செய்தார். எதிர் சீட்டுக்காரர் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் திரும்பி, "பெரியவருக்குப் பொது இடத்துல எப்படி நடந்துக்கணும்னு சொல்லித் தர மாட்டீங்களா?" என்றார். அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். முகத்தைப் படிப்பதில் தறிக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. அதற்குப் பிறகு அவர் ரயிலில் போனை வெளியே எடுப்பதே இல்லை. ராத்திரி முழுக்க அம்மாவைப் பற்றி யோசித்துக்கொண்டே வருவார், போன் மட்டும் செய்ய மாட்டார்.

எரிச்சல் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த எரிச்சலிலிருந்து "இந்த ஆள் இப்படிப்பட்டவன்" என்கிற இடத்துக்கு நாம் எப்படி அவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

நைட்ஷிப்ட்_நர்ஸ்:

தறிமகன் அண்ணா, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்தபோது வருத்தமாக இருந்தது. ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

இரவுப் பணி முடிந்து காலையில் தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறுகிறேன். ராத்திரி முழுக்க வார்டில் நின்ற கால். வீட்டுக்குப் போனால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அந்த ரயிலில் கண்ணை மூடுகிற கொஞ்ச நேரம்தான் எனக்குத் தூக்கம். பக்கத்தில் ஒருவர் ரீல்ஸை ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமாக ஓடவிட்டால், "இவருக்கு என்ன கஷ்டமோ" என்று யோசிக்கும் தெம்பு எனக்கு இருப்பதில்லை. மற்றவர்களுக்குக் காரணம் தேடும் வேலையும் எப்போதும் தொந்தரவுக்கு ஆளானவர் தலையில்தான் விழுகிறது. பெண்கள் தலையில் இன்னும் அதிகமாக. "போகட்டும் விடும்மா" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள்.

செவித்திறன்_தென்றல்:

நான் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட். தறிமகன் எழுதியதில் மருத்துவ விவரம் கொஞ்சம் சேர்க்கிறேன். இரைந்து பேசுவது பழக்கம் மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள்.

பெருஞ்சத்தத்தில் வருஷக்கணக்கில் வேலை செய்கிறவர்களுக்கு உள்காதில் இருக்கும் நுண்ணிய முடி செல்கள் சாகும். அவை திரும்ப முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள உச்ச ஸ்தாயி ஒலிகள். பேச்சில் உயிர் ஒலிகள் பெரும்பாலும் கீழ் ஸ்தாயி. ச, ஸ மாதிரியான மெல்லிய மெய் ஒலிகள் மேலே இருக்கின்றன. அதனால் எதிராளி பேசுவது கேட்கும், என்ன வார்த்தை என்று பிடிபடாது. "சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்று எங்களிடம் வருகிறவர்கள் சொல்வது இதைத்தான்.

உள்காது நரம்பு சார்ந்த குறைபாடு உள்ளவர்களுக்குத் தங்கள் குரலே சரியாகக் கேட்காது, அதனால் தானாகவே குரல் ஏறும். நடுக்காதில் அடைப்பு மாதிரியான குறை இருப்பவர்களுக்கு நேர்மாறு. அவர்கள் குரல் அவர்களுக்கே பெரிதாகக் கேட்பதால் தணிந்து பேசுவார்கள். அப்படித் தணிந்து பேசுகிறவரை நாம் "ரொம்ப மரியாதையான மனுஷர்" என்கிறோம்! இரண்டுமே காதுக் குறைதான், ஒன்றுக்குத் திட்டு கிடைக்கிறது, இன்னொன்றுக்குப் பாராட்டு.

அப்புறம் ஒன்று. இப்படிப்பட்டவர்களிடம் நாம் ரொம்பக் கத்திப் பேசினால், "ஏன் கத்துற?" என்று அவர்களே கோபப்படுவார்கள். வீட்டில் இதனால் பெரிய சண்டைகள் நடக்கும். மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் ஒரு அளவைத் தாண்டிய சத்தம் சட்டென்று வலிக்கிற மாதிரி தைக்கும். அந்தக் குறைபாட்டின் இயல்பே அதுதான். "வேணும்னா மட்டும் நல்லா கேக்குது பாரு" என்று மருமகள்கள் மாமனாரைச் சொல்வதும், மகன்கள் அம்மாவைச் சொல்வதும் இதைப் புரிந்துகொள்ளாததால்தான்.

ஸ்பீக்கர் விஷயம். காது கேட்க உதவுவதற்காகக் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் மைக் காது மடலின் மேல்பக்கம் இருக்கிறது. போனை வழக்கம்போலக் காது ஓட்டையில் வைத்தால் குரல் மைக்குக்குச் சரியாகப் போகாது, சில சமயம் "கீ" என்று விசில் வரும். அதனால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். கருவி இல்லாதவர்களுக்கு வேறு வழியே இல்லை.

மனவியல்_மாணவி:

தறிமகன் கேட்ட கேள்வியை எங்கள் பாடத்தில் நிறையப் பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். அடுத்தவர் செய்கையைப் பார்க்கும்போது அவருடைய சூழ்நிலையைக் குறைத்தும் குணத்தைக் கூட்டியும் கணக்குப் போடுகிறோம். இதற்கு 1977-ல் ஒரு பெயர் வைத்து விளக்கியவர் அமெரிக்க உளவியலாளர் லீ ராஸ். நாமே பஸ்ஸில் இரைந்து பேசினால், அண்ணன் ஆஸ்பத்திரியில் இருப்பதால் பேசுகிறோம் என்று நமக்குத் தெரியும். அடுத்தவரின் அண்ணன் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிவது அவருடைய குரல் மட்டும்தான்.

எனக்கு மறக்க முடியாத ஒரு பரிசோதனை 1973-ல் உளவியலாளர்கள் டார்லி, பேட்சன் இருவரும் வெளியிட்டது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு உரை நிகழ்த்த அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டு முனகுகிறார். அவரும் பரிசோதனைக்காரர்களின் ஆள்தான். "நேரம் இருக்கிறது, மெதுவாகப் போங்கள்" என்று சொல்லப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் உதவினார்கள். "நேரமாகிவிட்டது, ஓடுங்கள்" என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். பாதிப் பேர் பேசப் போன தலைப்பு பைபிளில் வரும் நல்ல சமாரியன் உவமை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவன் கதை. தலைப்பு எதுவாக இருந்தது என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. அவசரம் இருந்ததா இல்லையா என்பதுதான் உண்டாக்கியது. அந்த வழியில் நின்று பார்த்தவருக்கு, நிற்காமல் போனவன் கல்நெஞ்சக்காரனாகத்தான் தெரிந்திருப்பான்.

நைட்ஷிப்ட்_நர்ஸ்:

தென்றல், மாணவி இருவருக்கும் நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காது கேட்காதவர் என்றால் மன்னிக்கலாம், நோய் என்றால் மன்னிக்கலாம். எந்தக் குறையும் இல்லாமல் சத்தமாக ரீல்ஸ் பார்க்கிற இருபத்தைந்து வயசுப் பையனை என்ன செய்வது? அவனுக்கும் ஒரு வியாதியை நான் கற்பனை செய்துகொள்ள வேண்டுமா?

ஆதவன்_அம்மா:

இந்தக் கேள்விக்கு மற்றவர்கள் பதில் சொல்லட்டும். நான் வேறு ஒன்று எழுத வருகிறேன்.

என் மகனுக்கு டூரெட் நோய்க்குறி இருக்கிறது. கண்ணை வேகமாகச் சிமிட்டுவான், தோளைக் குலுக்குவான், தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பான், மூக்கை உறிஞ்சுவான். சளி இல்லை, கெட்ட பழக்கம் இல்லை, வேண்டுமென்று செய்வதும் இல்லை. தும்மல் வருகிற மாதிரி உள்ளிருந்து ஒரு உந்துதல் வரும். கொஞ்ச நேரம் அடக்கலாம், அடக்க அடக்க அவஸ்தை கூடும், பிறகு சேர்த்து வெளியே வரும். பள்ளியில் பகல் முழுக்க அடக்கி வைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான்.

1885-ல் பிரெஞ்சு மருத்துவர் ஜில் டி லா டூரெட் இதைப் பற்றி எழுதினார். இத்தனை காலம் ஆகியும் பெயரைக் கேட்டாலே "கெட்ட வார்த்தை பேசுகிற வியாதியா?" என்கிறார்கள். அது சிறு பகுதியினருக்குத்தான் வரும். பெரும்பாலான பிள்ளைகளிடம் செருமல், உறிஞ்சல், சிமிட்டல் மாதிரிதான் தெரியும், அதாவது பார்க்கிறவருக்கு எரிச்சல் தருகிற சின்னச் சின்ன விஷயங்களாக. பத்து முதல் பன்னிரண்டு வயதில் அதிகமாக இருக்கும், பதின்ம வயது முடியும்போது பலருக்குக் குறைந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அந்த நம்பிக்கையில் இருக்கிறோம்.

சினிமா தியேட்டரில் முன் வரிசைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். பார்க்கப் பார்க்க அவனுக்குப் பதற்றம், பதற்றத்தில் செருமல் இன்னும் கூடும். கடைசியில் "பிள்ளையை வளர்த்த லட்சணம்" என்று என்னைப் பார்த்து ஒரு வார்த்தை வரும். ஒவ்வொரு அந்நியரிடமும் போய் மருத்துவ அறிக்கையை நீட்ட என்னால் முடியாது. நீட்டவும் விருப்பம் இல்லை. அவனுக்குப் பதினோரு வயது. தன் உடம்பைப் பற்றி யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்ல வேண்டாம் என்று அவனே முடிவு செய்யட்டும்.

எனக்கு அனுதாபம் வேண்டாம். திரும்பிப் பார்க்காமல் இருந்தாலே போதும். பாதிச் செருமல் அதிலேயே குறையும்.

டயாலிசிஸ்_டெக்னீஷியன்:

சுருக்கமாக ஒன்று. "காலை ஆட்டாதே, தரித்திரம்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சிறுநீரகம் பழுதானவர்களில் பலருக்கு, உட்கார்ந்தாலோ படுத்தாலோ காலுக்குள் என்னவோ ஊர்கிற மாதிரி இருக்கும், ஆட்டினால்தான் கொஞ்சம் அடங்கும். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்கூட வரும். சாயங்காலத்துக்கு மேல் அதிகமாகும். நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் கட்டிப் போட்ட மாதிரி படுத்திருந்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவர் காலை ஆட்டினால், பக்கத்து சீட்டுக்காரர் முறைக்கிறார். காலை ஆட்டுகிற எல்லோருக்கும் நோய் என்று சொல்ல வரவில்லை, பலருக்கு அது வெறும் பழக்கம்தான். பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய எங்களுக்கே முடியாது.

கடலோரக்கவி (குமரி):

எல்லோரும் உடம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். யாருடைய எந்தப் பழக்கம் "எரிச்சலாக" இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கோட் போட்டவர் விமான நிலையத்தில் போனில் உரக்க ஆங்கிலம் பேசினால் "பிஸியான ஆள்". அதே சத்தத்தில் ஒரு கட்டடத் தொழிலாளி பஸ்ஸில் பேசினால் "காட்டான்". டீயைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சினால் பட்டிக்காடு. சாம்பார் சாதத்தை உள்ளங்கை வரை பிசைந்து சாப்பிட்டால் அருவருப்பு. கூடையோடு ஏறுகிற அம்மாவின் வாசனை தாங்க முடியவில்லை, செண்ட் அடித்துக்கொண்டு வருகிறவரின் வாசனையில் தலை வலித்தாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை.

2021 டிசம்பரில் எங்கள் குளச்சலில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மீன் விற்றுவிட்டு வீட்டுக்குப் போகப் பேருந்தில் ஏறிய வயதான அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் அழுது நியாயம் கேட்ட வீடியோ ஊரெல்லாம் பரவியது. முதலமைச்சர் ஸ்டாலின் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதிகாலையில் ஏலம் எடுத்து, தலையில் சுமந்து, தெருத்தெருவாக நடந்து விற்ற உடம்பில் மீன் வாசனை வராமல் வேறு என்ன வாசனை வரும்? அந்த மீனை வாங்கிக் குழம்பு வைத்தவர்களும் அதே தடத்துப் பேருந்துகளில்தான் போகிறார்கள்.

எனக்கு இது வெறும் அவசரத் தீர்ப்பாகத் தெரியவில்லை. யாரைத் தாழ்வாகப் பார்க்க ஏற்கெனவே பழகியிருக்கிறோமோ, அவர்களிடம்தான் நம் மூக்கும் காதும் இவ்வளவு கூர்மையாகிவிடுகின்றன. நர்ஸ் அக்கா, இதை உங்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் தூக்கம் நியாயமானது.

ஓய்வுபெற்ற_டிடிஇ:

நர்ஸ் அம்மா கேட்ட கேள்விக்கு, ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பையனுக்கு வியாதி இருக்கிறதா என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம். சத்தத்தைக் குறைக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அதற்கு அவன் நல்லவனா கெட்டவனா என்கிற தீர்ப்பு எதற்கு?

இரவு வண்டிகளுக்கு விதியே இருக்கிறது. இரவு வண்டிகளில் 10 மணிக்கு மேல் இரைந்து பேசக் கூடாது, இயர்போன் இல்லாமல் பாட்டு வைக்கக் கூடாது என்று 2022 ஜனவரியில் ரயில்வே உத்தரவே போட்டது. சொல்லியும் கேட்காவிட்டால் ரயில்வே உதவி எண் 139-க்கு அழைக்கலாம், டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லலாம்.

ஆனால் என் வேலைக் காலத்தில் பெட்டிக்குள் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை சத்தத்தால் வந்தவை இல்லை, கேட்ட விதத்தால் வந்தவை. எரிச்சலில் இருப்பவர் அரை மணி நேரமாக மனசுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருப்பார். எதிராளி திமிர் பிடித்தவன், படிப்பில்லாதவன், பெண்டாட்டி பிள்ளைகளையும் இப்படித்தான் வதைப்பான் என்பது வரைக்கும் போய்விட்டிருப்பார். பிறகு வாயைத் திறக்கும்போது "அறிவிருக்கா?" என்றுதான் வரும். எதிராளிக்கோ அதுதான் காதில் விழுகிற முதல் வார்த்தை. அவனும் ஏறுவான். அப்புறம் இரண்டு பேரும் என்னைத் தேடி வருவார்கள்.

தொந்தரவு தொடங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் கேட்டுவிட்டால், மனசில் அந்தக் கதை வளர்ந்திருக்காது. "தம்பி, கொஞ்சம் குறைச்சுக்கோப்பா, ராத்திரி டூட்டி பாத்துட்டு வர்றேன்" என்றால், உங்கள் பக்கக் காரணமும் அவனுக்குத் தெரிந்துவிடும். குறைக்காதவனும் இருப்பான். ஆனால் நான் பார்த்தவரை, சட்டென்று இயர்போனைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். கேட்க ஆள் இல்லாததால்தான் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

பெண்கள் தனியாகப் போகும்போது யாரிடம் கேட்கலாம், யாரிடம் வேண்டாம் என்பது வேறு கணக்கு. அங்கே நீங்கள் சந்தேகப்படுவதை நான் அவசரத் தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். இடம் மாறி உட்காருங்கள், மகளிர் பெட்டி இருந்தால் அதில் ஏறுங்கள். பாதுகாப்புக்காக எச்சரிக்கையாக இருப்பதையும் ஒருவரை மட்டமாக நினைப்பதையும் ஒன்றாக்கக் கூடாது.

நைட்ஷிப்ட்_நர்ஸ்:

ஐயா, கடைசிப் பத்திக்கு ரொம்ப நன்றி. அதை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன்.

ஐந்தாவது நிமிஷத்தில் கேட்பது சரிதான் என்று படுகிறது. ஆனால் எல்லோரும் கேட்கும் நிலையில் இல்லை என்பதில் என் கருத்து மாறவில்லை. அதனால் பெட்டிக்குள் அறிவிப்பு போட வேண்டும், மற்ற பயணிகளும் வாயைத் திறக்க வேண்டும். நான் ஒருத்தியே கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஆதவன் அம்மா, உங்கள் மகனிடம் ஒரு நர்ஸ் அத்தை விசாரித்தேன் என்று சொல்லுங்கள்.

தறிமகன் (குமாரபாளையம்):

எல்லோருக்கும் நன்றி. டிடிஇ ஐயா சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது, எதிர் சீட்டுக்காரர் அப்பாவிடமே நேரில் கேட்டிருக்கலாம் என்பது. "கொஞ்சம் மெதுவா" என்று கையைக் காட்டியிருந்தாலே போதும். ஜாடையிலேயே வாழ்ந்த மனுஷனுக்கு அதைவிடத் தெளிவான பேச்சு வேறு இல்லை. உடனே வெளியே போய்ப் பேசியிருப்பார். என்னிடம் திரும்பிச் சொன்னதில்தான், அவர் அங்கே இல்லாதவர் மாதிரி ஆகிவிட்டார்.

கடலோரக்கவி சொன்னதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா அன்றைக்கு வேட்டி கட்டியிருந்தார்.

தென்றல் மேடம், ஒரு உதவி. அப்பா பரிசோதனைக்கே வர மாட்டேன் என்கிறார். கருவி மாட்டினால் கிழவன் என்பார்களாம். வேறு ஏதாவது வழி இருக்கிறதா?

செவித்திறன்_தென்றல்:

இது எல்லா ஊரிலும் கேட்கிற பதில்தான், மனம் தளர வேண்டாம். முதலில் கருவி என்ற பேச்சையே எடுக்காதீர்கள். "காதுல அழுக்கு இருக்கான்னு பாத்துட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். பலருக்கு உண்மையிலேயே அதுவும் இருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்கும் திறனை அளக்கும் பரிசோதனை செய்வார்கள். குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் என்று சான்று கிடைத்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கருவிக்கு விண்ணப்பிக்கலாம்.

அதுவரைக்கும்: முகம் தெரிகிற மாதிரி எதிரே நின்று பேசுங்கள், பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். கத்த வேண்டாம், நிதானமாகப் பேசுங்கள். டிவியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள்.

ரயிலுக்கு ஒரு வழி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு போடக் கற்றுக்கொடுங்கள். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்தே அவர் பாதியைப் புரிந்துகொள்வார். மாத்திரை சாப்பிட்டாயா என்பதை இருவரும் ஜாடையிலேயே கேட்டுச் சொல்லிவிடலாம்.